அண்ணி பேசாமல் எழுதிய வரி

நாத்தனார் அண்ணியைப் பற்றி எழுதுகிறாள் என்றால் படிப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். யாருடைய வண்டவாளமோ தண்டவாளத்தில் ஏறப்போகிறது என்று ஓர் எதிர்பார்ப்பு. ஏமாற்றியதற்கு மன்னிக்கவும். என் அண்ணியிடம் குறைகள் உண்டு, அவற்றையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவற்றுக்காக இல்லை.

முதல் குறையை இப்போதே சொல்லிவிடுகிறேன். அண்ணிக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் எந்நேரமும் நிற்பாள். அண்ணன் அவளுக்கு வைத்திருக்கும் பெயரே வெந்நீர்தான். பால் காயும்வரை அடுப்பின் முன் நின்று ஒற்றைக் காலால் தரையைத் தட்டுவாள். லிஃப்ட் வரத் தாமதமானால் படியேறிவிடுவாள். யாராவது ஒரு கதையை நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தால் முடிவை இவளே சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். போனில் பேசினால் கேட்க வேண்டியதைக் கேட்டதும் பட்டென்று வைத்துவிடுவாள். எதிர்முனையில் இருப்பவர் வாயைத் திறந்தபடி நிற்க வேண்டியதுதான்.

இப்படிப்பட்டவளுக்கு அமைந்த வேலையைப் பாருங்கள். நாள் முழுக்கக் காத்திருக்கும் வேலை.

பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிச் சரிசெய்து விற்கிற ஒரு கடையில் அண்ணி இருக்கிறாள். முதலில் பில் போடத்தான் போனாள். அங்கே வருகிற இயந்திரங்களெல்லாம் மூத்த குடிமக்கள். இன்றைக்குச் சந்தையில் தயாராகக் கிடைக்கிற புரோகிராம்களைப் போட்டால் மூச்சு வாங்கி நின்றுவிடும். அதனால் அந்தப் புரோகிராமை எழுதியவர்கள் பொதுவில் விட்டிருக்கும் மூல வரிகளை எடுத்து, வேண்டாத பகுதிகளைக் கழித்து, அந்தந்த இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றி, ஒரு பேக்கேஜாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். மாற்றுகிற வேலையை இயந்திரமே செய்யும். அதைத்தான் கம்பைல் என்கிறார்கள். பில் போடுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டு, கடைசியில் பில் போட வேறு ஆளைப் பார்க்கும்படி கடை முதலாளியிடம் சொல்லிவிட்டாள்.

கம்பைல் செய்யக் கொடுத்துவிட்டால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. சின்ன பேக்கேஜ் என்றால் டீ குடித்து முடிப்பதற்குள் முடியும். பெரியதென்றால் கடைத்தெருவுக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்து சமைத்துச் சாப்பிட்டு எழுந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். அண்ணி வீட்டிலும் ஓர் இயந்திரம் வைத்திருந்தாள். வீட்டில் காலியாக இருந்த ஒரே மேசை என் அறையில் இருந்தது. ஆக நானும் அந்த இயந்திரமும் ஓர் அறையைப் பங்கிட்டுக்கொண்டோம்.

எனக்குக் கண் தெரியாது. பிறவியிலேயே. பாதியில் சொன்னால் சிலர் பதறுகிறார்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். இந்தக் கதையில் யாருடைய முகமும் வராது.

முகம் வராவிட்டாலும் சத்தம் வரும். அந்த இயந்திரத்தின் ஹார்ட் டிஸ்க் அரதப்பழசு. கம்பைல் ஓடும்போது வாய்க்குள் கற்கண்டு வைத்துக் கடிப்பது போல ஓயாமல் கரகரத்துக்கொண்டே இருக்கும். கரகரப்பு தளர்ந்தால் வேலை முடியப்போகிறது என்று அர்த்தம். "அண்ணி, முடியப்போவுது" என்று நான் குரல் கொடுப்பேன். சமையலறையில் தட்டிக்கொண்டிருந்த கால் நின்று, அண்ணி ஓடி வருவாள். இந்த ஏற்பாடு எங்களுக்குள் பல காலமாக நடந்துவந்தது.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. என் அறையில் என்ன செய்தாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வாள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்காக ஆரம்பித்தது. அறைக்குள் யாரோ வந்து சத்தம் போடாமல் எதையோ செய்துகொண்டிருந்தால் எனக்கு எரிச்சல் வரும் என்பதைப் புரிந்துகொண்டு, "நான்தான், உன் அலமாரிக்குப் பக்கத்துல நிக்கறேன், போர்வை எடுக்கறேன்" என்று சொல்லிப் பழகினாள். பிறகு கம்ப்யூட்டர் வந்ததும் அதுவும் சேர்ந்துகொண்டது. எழுதுகிற வரி, மாற்றுகிற எண், திரையில் வருகிற பிழை, அந்தப் பிழையை எழுதியவனுடைய பரம்பரையைப் பற்றிய அவளுடைய கருத்து, எல்லாம் ஒரே மூச்சில் வரும்.

இனி என் பிழைப்பைப் பற்றி. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்ததும் தங்கள் குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்கிறார்கள். அவற்றைக் கேட்டு டைப் செய்து கொடுக்கிற அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. இடது காதில் டாக்டர் பேசுவார். வலது காதில், நான் டைப் செய்ததை லேப்டாப் திருப்பிப் படித்துக் காட்டும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அந்தக் குரலுக்கு நாங்கள் வைத்த பெயர் வாயாடி. அதை நான் ஓட விடுகிற வேகத்தில் கேட்டால் மற்றவர்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அண்ணன் ஒருமுறை கேட்டுவிட்டு ரேடியோ பழுதாகிவிட்டது என்று நினைத்து ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்தான். அண்ணன் எலக்ட்ரீஷியன். எதையும் பழுது என்றுதான் முதலில் நினைப்பான்.

அம்மா அப்பா போன பிறகு நான் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். ஒரு குறையும் இல்லை. அதுதான் என் குறை. தண்ணீர் குடிக்க எழுந்தால் மூன்று பேர் செய்ய வேண்டிய உதவியை இரண்டு பேரே செய்துவிடுவார்கள். எனக்கென்று ஒரு கதவு, அதை நானே பூட்டி நானே திறக்க வேண்டும் என்று ஆசை. அலுவலகத்துக்கு அடுத்த தெருவில் ஒரு மாடி அறை காலியாக இருந்தது. சொன்னபோது அண்ணன் குதித்தான். "தனியாவா? நீயா?" என்று ஆரம்பித்தவனை அண்ணிதான் அடக்கினாள்.

"போகட்டுமே. அவ என்ன, குழந்தையா?"

"வேலையே இன்னும் நிரந்தரம் ஆகலியே, வெந்நீர்."

"அப்ப நிரந்தரம் ஆனதும் போகட்டும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

அண்ணன் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டான். வேலை நிலைத்தால் அறை. இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருப்பது. ஒப்பந்தம் அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பார்த்து அலுவலகத்தில் புது மென்பொருளுக்கு மாறினார்கள். என் பழைய வாயாடி அதனோடு பேச மறுத்தது. வாயாடியின் புதிய பதிப்பைப் போட்டோம். அது பேசியது, ஆனால் என் வேகத்துக்கு ஓட விட்டால் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் விழுங்கிவிட்டது. மற்ற மொழிகளில் எப்படியோ, நம் மொழியில் எல்லாம் வாலில்தான் இருக்கிறது. "நோயாளிக்குக் காய்ச்சல்" என்பதுவரை தெளிவாகக் கேட்டு என்ன பயன்? இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பிறகுதானே வருகிறது. "இந்த மருந்தைக் கொடுக்க" என்று சொல்லிவிட்டு, கொடுக்கலாமா கூடாதா என்பதை அது தொண்டைக்குள் போட்டுக்கொண்டது. வேகத்தைக் குறைத்தால் வால் கேட்டது, ஆனால் நான் மற்றவர்களைவிட வெகுவாகப் பின்தங்கினேன்.

சூப்பர்வைசர் நியாயமான மனுஷி. "திங்கட்கிழமை எல்லாருக்கும் புது மென்பொருள்ல ஒரு டெஸ்ட் இருக்கு. பாஸ் பண்றவங்களை நிரந்தரம் பண்ணிடுவோம். மத்தவங்களை அனுப்பறதைத் தவிர வழியில்ல. நீங்க உங்க லேப்டாப்பையே கொண்டு வாங்க, எனக்கு ஆட்சேபமே இல்ல. ஆனா எல்லாருக்கும் என்ன வேகமோ அதேதான் உங்களுக்கும்" என்றார். சலுகை கேட்டிருந்தால் நான் நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். பாதி சொல்வதற்குள் முடிவை அவளே சொல்லிவிட்டு, சனிக்கிழமை வரப்போவதில்லை என்று கடைக்குப் போன் போட்டாள்.

சனிக்கிழமை காலை வாயாடியின் மூல வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கோ ஓர் இடத்தில் வேகம் கூடும்போது வாக்கியத்தின் முடிவை வெட்டிவிடுகிறது, அது எந்த இடம் என்று தேட வேண்டும். ஓர் எண்ணை மாற்றுவாள், கம்பைலுக்குக் கொடுப்பாள், கரகரவென்று ஓடும், காத்திருப்போம், கேட்போம், விழுங்கும். மறுபடி ஓர் எண். அவள் கை வைத்த இடம் அடித்தளம் என்பதால் ஒவ்வொரு முறையும் முழுக் கட்டடத்தையும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. டிஸ்க் முக்கியது, அண்ணியின் கால் தரையைத் தட்டியது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் முயற்சி செய்ய முடிந்தது.

"இப்படியே போனா திங்கட்கிழமை வந்துடும், இது வராது" என்று எழுந்தாள். செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. எங்கே என்று கேட்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

திரும்பி வந்தபோது கை நிறைய ரேம், அதாவது இயந்திரத்தின் தற்காலிக நினைவுச் சில்லுகள், வைத்திருந்தாள். கடையில் கழித்துப்போட்ட இயந்திரங்களின் ரேம் துண்டுகளைப் போட்டு வைக்கிற டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, எங்கள் இயந்திரத்துக்குப் பொருந்துகிறதையெல்லாம் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அவள் ஒவ்வொன்றாக அழுத்திச் சொருகும்போது டக் டக்கென்று கேட்டது.

அண்ணன் வாசலில் நின்று, "இதை வச்சு என்ன பண்ணப்போறே?" என்றான்.

"வெங்காயம் நறுக்கணும்னு வையுங்க. ஒவ்வொரு துண்டு நறுக்கினதும் எழுந்து போய் ஸ்டோர் ரூம்ல வச்சுட்டு, அடுத்த துண்டுக்கு மறுபடி ஸ்டோர் ரூமுக்கு நடந்தா எப்படி இருக்கும்? இத்தனை நாளா அதைத்தான் பண்ணிட்டிருக்கேன். கம்பைல் பண்ணும்போது ஆயிரக்கணக்குல துண்டு துணுக்கு உண்டாகும். ஒவ்வொண்ணையும் டிஸ்க்குல எழுதி, டிஸ்க்குலேர்ந்து படிச்சு... இப்ப ரேம்லயே ஒரு பெரிய இடத்தை ஒதுக்கி, அதையே ஒரு ஃபோல்டர் மாதிரி வச்சுக்கப்போறேன். சமையல் மேடை மாதிரி. நறுக்கறது, கலக்கறது எல்லாம் மேடைலயே. முடிஞ்சு வர்ற பேக்கேஜ் மட்டும் ஸ்டோர் ரூமுக்கு."

எலக்ட்ரீஷியன் கேட்க வேண்டிய கேள்வியை அண்ணன் கேட்டான். "கரண்ட் போனா?"

"மேடை சுத்தமாயிடும். போகட்டும், துணுக்குதானே. யாருக்கு வேணும்?"

அண்ணி சரியாகத்தான் சொன்னாள். அவளுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கம்பைலுக்குக் கொடுத்தாள். அறையில் சத்தமே இல்லை. டிஸ்க் ஒரு முறை கனைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. இயந்திரத்துக்குள் இருக்கும் சின்ன விசிறி மட்டும் வேகமாகச் சுழன்றது. இத்தனை வருஷமாக அந்தக் கரகரப்பைக் கேட்டுத்தான் வேலை நடக்கிறது என்று எனக்குத் தெரியும். இப்போது கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது.

"அண்ணி, நின்னுபோச்சா?"

"முடிஞ்சே போச்சு. கேளு."

நான் நம்பவில்லை. பிறகு வாயாடி பேசியது. வாலை விழுங்கத்தான் செய்தது, ஆனால் அதைத் தெரிந்துகொள்ள இப்போது காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணி இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கேட்டதே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இயந்திரம் அவளுடைய காலுக்கு ஈடு கொடுத்தது. மாற்றினாள், ஓட்டினாள், கேட்டோம், மாற்றினாள். அவளுடைய வாயும் ஓயவில்லை. "இந்த எண்ணைப் பாதியாக்கறேன். ஊஹூம். திரும்ப முழுசாக்கறேன். எந்த மடையன் இதைக் கொண்டுபோய் இங்க வச்சான்? இதை மேல தூக்கறேன். இப்ப கேளு." ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி வாக்கியங்களின் வால் கேட்க ஆரம்பித்தது.

பிசகு இங்கேதான் நுழைந்தது. முதல் ஓட்டத்துக்கு மட்டும் அவள் டிஸ்க்கில் இருக்கும் மூல வரியைத் திருத்தி, அதன் நகலை ரேமுக்கு அனுப்பித்தான் கம்பைல் செய்தாள். வேகம் சூடு பிடித்ததும் அந்த ஒரு நடை எதற்கு என்று தோன்றிவிட்டது. ரேமில் இருக்கும் நகலையே நேராகத் திருத்த ஆரம்பித்தாள். பேக்கேஜாகக் கட்டி எடுக்காமல் அங்கிருந்தபடியே வாயாடியை ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியானதும் ஒரேயடியாக எடுத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். வெந்நீர் வேறு எப்படி நினைக்கும்?

மத்தியானம் தாண்டியிருக்கும். அறை கொதித்தது. இயந்திரம் விடுகிற சூடு ஒரு பக்கம், மேலே ஓடாத சீலிங் ஃபேன் ஒரு பக்கம். ஊரெல்லாம் விளக்குப் போட்டுக் கொடுக்கிற அண்ணனுக்கு எங்கள் அறை ஃபேனைப் பார்க்க நேரம் கிடைத்ததில்லை. அண்ணி பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று பேச்சை நிறுத்தினாள். விசைப்பலகைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. மிக மெதுவாக, அவளுடைய கை மாதிரியே இல்லாமல். பிறகு, "கேளு" என்றாள்.

என் முழு வேகத்தில் வாயாடி சொன்னது: "நோயாளிக்கு வலி இல்லை."

அந்த "இல்லை" கண்ணாடி டம்ளரை மேசையில் வைத்தது போலத் தெளிவாக வந்து நின்றது. இன்னொரு வாக்கியம் போட்டோம். இன்னொன்று. ஒன்றிலும் வால் தவறவில்லை. நான் கத்திவிட்டேன். அண்ணியைக் கட்டிப் பிடித்துக் குலுக்கினேன். என் நாற்காலி, என் அறை, என் கதவு, எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

அண்ணி, "சரி" என்றாள். அவ்வளவுதான். டீ போட்டு வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணனுக்கு ஞானோதயம் பிறந்தது. தங்கைக்கும் மனைவிக்கும் இவ்வளவு புழுக்கமா என்று மனம் இளகி, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். வீட்டில் எந்த வயரைத் தொட்டாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் தொடுவான், தொழில் தர்மம். ஹாலிலிருந்து குரல் கொடுத்தான்.

"மெயினை ஆஃப் பண்ணப்போறேன். கம்ப்யூட்டர்ல ஏதாவது இருக்கா?"

"எல்லாம் சேவ் பண்ணிட்டேன். ஆஃப் பண்ணுங்க" என்று சமையலறையிலிருந்து அண்ணி சொன்னாள்.

பொய் இல்லை. கடைசி வரிவரை சேவ் செய்திருந்தாள். எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. எனக்கு அந்தக் கேள்வி எழுகிற அளவுக்கு விஷயம் தெரியாது. அண்ணன், ஆபீஸில் கேட்பது போல ஒப்புதல் கேட்டு வாங்கிக்கொண்டு மெயினை இறக்கினான். இயந்திரத்தின் விசிறி மூச்சை விட்டு நின்றது.

கொஞ்ச நேரத்தில் சீலிங் ஃபேன் சுற்றியது. உண்மையிலேயே நல்ல காற்று. அண்ணன் பாராட்டுக்காக ஸ்டூல் மேலேயே நின்றுகொண்டிருந்தான். அண்ணி டீயை வைத்துவிட்டு இயந்திரத்தை எழுப்பினாள். சில பொத்தான்களைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய காலும் தட்டவில்லை. அந்தக் கால் அசையாமல் இருந்து நான் கேட்டதில்லை, எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"போச்சு" என்றாள். "மேடைலயே வச்சிருந்தேன். நேத்து மத்தியானம் வரைக்கும் செஞ்சதுதான் டிஸ்க்குல இருக்கு. அதுக்கப்புறம் செஞ்சது ஒண்ணுமே இல்ல."

அண்ணன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். "நான் கேட்டேனே..." என்று ஆரம்பித்து, அதையும் முடிக்காமல் விட்டுவிட்டான்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அதைவிட மோசமானது இல்லை. ஃபேன் மேல் படலாமா, அண்ணன் மேல் படலாமா என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போது அண்ணி அழுதாள். சத்தம் வராமல் அழப் பார்த்தாள். என் அறையில் அது முடியுமா?

"உன் வேலையைக் கெடுத்துட்டேன். எனக்கு எதுலயும் அவசரம். திரும்பச் செய்யலாம்னா எதை எதை மாத்தினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. கை போன போக்குல செஞ்சுட்டேன்."

கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது. அண்ணிக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். அவள் கையால் செய்தாள். நான் காதால் கேட்டேன். டாக்டர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டாலும் முந்தின வாக்கியத்தை விரல் நுனிக்கு வரும்வரை காதிலேயே பிடித்து வைத்திருப்பதுதான் என் பிழைப்பு.

"அண்ணி, கண்ணைத் துடைச்சுட்டு உட்காருங்க. நீங்க பேசினதை நான் சொல்றேன். டைப் பண்ணுங்க."

"எல்லாத்தையுமா?"

"நேத்து ரேம் மாட்டினதும் முதல்ல, 'இந்த எண்ணைப் பாதியாக்கறேன்'னு சொன்னீங்க. ஒத்துவரலன்னு திரும்ப முழுசாக்கினீங்க, அதை விட்டுடலாம். அப்புறம் 'எந்த மடையன் இதை இங்க வச்சான்'னு கேட்டீங்க. அதுக்கடுத்து ஒரு வரியை மேல தூக்கினீங்க."

விசைகள் மெதுவாக விழுந்தன. "ஆமா. இதைத்தான்."

"அதுக்கப்புறம் தும்மினீங்க. தும்மிட்டு, 'இடைவெளியோட அளவு இவ்வளவு எதுக்கு, ஊர்வலமா போகுது?'ன்னு சொல்லி அதைக் குறைச்சீங்க."

அவளுடைய வசவுகள்தான் எனக்கு மைல்கல். எண்ணும் வரியும் எனக்குப் புரியாது, ஆனால் எந்தத் திட்டுக்கு முன்னால் எந்த எண், எந்தச் சலிப்புக்குப் பின்னால் எந்த வரி என்பது மணி மணியாக இருந்தது. அவள் குரலிலேயே சொன்னேன். ஓரிடத்தில் நான் சொன்ன வசவைக் கேட்டு அண்ணியே, "சீ, நான் அப்படியெல்லாமா பேசறேன்?" என்றாள்.

"எனக்குத் தினமும் கிடைக்கறதுதானே" என்று அண்ணன் மூலையிலிருந்து சொன்னான். குற்றவுணர்ச்சியில் அவன் அந்த அறையை விட்டு நகரவே இல்லை.

இந்த முறை ஒவ்வொரு வரியைத் திருத்தியதும் அண்ணி அதை டிஸ்க்கில் எழுதினாள். ஒவ்வொரு முறையும் டிஸ்க் 'கரக்' என்றது. எத்தனையோ நாள் தூக்கத்தைக் கெடுத்த சத்தம், அன்றைக்கு அதைக் கேட்கக் கேட்க எனக்கு உயிர் வந்தது.

வெளியே பிள்ளைகள் விளையாட்டை முடித்துக்கொண்டு வீடு திரும்பும் நேரத்தில், நான் காதில் வாங்கியதெல்லாம் சொல்லித் தீர்ந்துபோனது. அண்ணி கம்பைல் செய்து ஓட்டினாள்.

"நோயாளிக்கு வலி... இல்லை."

வால் இருந்தது. தெளிவாகவே இருந்தது. ஆனால் கடைசிச் சொல்லுக்கு முன்னால் வாயாடி ஒரு சின்ன மூச்சுப் பிடித்து நின்றது. எந்த வாக்கியத்தைப் போட்டாலும் கடைசிச் சொல்லின் வாசலில் அப்படி ஒரு தயக்கம்.

"இன்னும் ஒண்ணு செஞ்சேன்" என்றாள் அண்ணி. "கடைசியா ஒண்ணு. அது என்ன?"

"அப்ப நீங்க பேசல அண்ணி."

அவள் எதை எதையோ மாற்றிப் பார்த்தாள். தயக்கம் போனால் வாலும் சேர்ந்து போனது. திரும்பக் கொண்டு வந்தாள். நான்தான் கடைசியில் அவள் கையைப் பிடித்து, இது போதும், லேப்டாப்பில் ஏற்றிக் கொடுங்கள் என்றேன். பேக்கேஜ் டிஸ்க்கில் இறங்கும் சத்தத்தை மூன்று பேரும் நின்று கேட்டோம்.

திங்கட்கிழமை டெஸ்டில் நான் முதலாவதாக வரவில்லை. கடைசியாகவும் வரவில்லை. வாயாடி ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு முறை நின்றது, நான் அந்த நேரத்தை மற்ற இடங்களில் ஓடிப் பிடித்தேன். விரல்கள் மரத்துப்போயின. தாள்களைப் பார்த்து முடித்த சூப்பர்வைசர் என் தோளில் கை வைத்து, "நாளைலேர்ந்து இந்த நாற்காலி உங்களோடது" என்றார். பிறகு, "உங்க மெஷின் ஏன் கடைசில தயங்கித் தயங்கிப் பேசுது?" என்று கேட்டார்.

"பெரிய இடத்துல வளர்ந்தது, மரியாதை தெரியும்" என்றேன்.

அண்ணன் பேச்சு மாறவில்லை. மாடி அறைக்கு அவனே வந்து எல்லா சுவிட்சையும் கழற்றி மாட்டினான். அண்ணி என் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறினாள், கட்டில் எங்கே, அலமாரி எங்கே, குழாய் எங்கே என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள், பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள். நான் "வாங்க" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் தெருக்கோடிக்குப் போயிருப்பாள். அந்த நேரத்துக்கு அந்தத் தெருவில் பஸ் எதுவும் கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது.

நான் என் கதவை நானே பூட்டினேன். திறந்தேன். மறுபடி பூட்டினேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் அண்ணி போன் செய்தாள். வழக்கம் போல நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை.

"கண்டுபிடிச்சுட்டேன்!"

"எதை?"

"அந்த வரியை. கடை மெஷினுக்கு வேற ஏதோ கட்டிக்கிட்டிருந்தேன், திடீர்னு ஞாபகம் வந்துச்சு. ஒரே ஒரு வரிதான். சாயங்காலம் வர்றேன், ரெண்டு நிமிஷத்துல போட்டுடலாம். தயக்கமெல்லாம் ஓடிடும்."

ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்று இருந்ததைக் கேட்டேன். "அதை எழுதும்போது மட்டும் ஏன் அண்ணி பேசல?"

கடைச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன சொல்றது? அந்த வரியை எழுத ஆரம்பிச்சதும் இது ஓடிடும்னு தெரிஞ்சுபோச்சு. ஓடிட்டா நீ போயிடுவேன்னும் அப்பதான் உறைச்சுது. அதுவரைக்கும் அதை நினைக்கவே இல்ல. வாய் வரல. கை மட்டும் எழுதிச்சு. டீ போடப் போனப்பகூட மனசு அங்க இல்ல. அதான் உங்க அண்ணன் கேட்டதுக்கு அப்படி உளறிட்டேன்."

"தெரிஞ்சப்புறம் ஏன் எழுதினீங்க?"

"எழுதாம?" என்றாள் அண்ணி, கோபமாக.

மேசை மேல் வாயாடி காத்திருந்தது. அன்று காலைகூட ஏதோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது கடைசிச் சொல்லுக்கு முன்னால் நின்று, நான் தயாரா என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னது.

"அந்த வரி வேண்டாம் அண்ணி. இப்படியே இருக்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? நாள் முழுக்க நின்னு நின்னு பேசினா எரிச்சலா இருக்காது?"

"யாருக்காகவும் எதுக்காகவும் நிக்காத ஆளு நீங்க. இந்த ஒரு இடத்துலயாவது எனக்காக நிக்கறீங்க. அதை எடுத்துட்டுப் போகணுமா? நீங்க சாயங்காலம் வாங்க. சும்மா வாங்க."

பட்டென்று வைத்துவிடப்போகிறாள் என்று நான் போனைக் காதிலிருந்து எடுக்கப் போனேன். வைக்கவில்லை. எதிர்முனையில் அவள் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. கடையில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், மறுபடியும் கூப்பிட்டார்கள். அண்ணி போனை வைக்க அவசரப்படவே இல்லை.